நூறு மில்லி ஊத்து சாமி

பாப்பாயிக்கு ஐம்பத்து மூன்று வயது ஆகும்வரை அவளிடம் யாரும் ஒரு யோசனை கேட்டது கிடையாது. புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே, பெரிய ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி ஓர் ஓட்டு வீடு. அதை ஒட்டி, மூங்கில் படல் கட்டிய ஓர் ஆட்டுப்பட்டி. வீடு புருஷன் அங்கமுத்துவுடையது, பட்டி இவளுடையது. அங்கமுத்து கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குகிறவன். வீட்டில் எந்தப் பேச்சு நடந்தாலும் இவள் வாயைத் திறந்தால் போதும், "உனக்கென்ன தெரியும்?" என்பான். மகன் நந்தகுமாரை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது என்ற பேச்சில் சொன்னான். தண்ணீருக்குப் போர் எங்கே போடுவது என்ற பேச்சிலும் சொன்னான். கூரை ஒழுகுகிறது என்று இவள் சொன்னபோதுகூட அதையேதான் சொன்னான். இத்தனைக்கும் தண்ணீர் அவன் மண்டையில்தான் சொட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்குத் தெரிந்தது ஆடு. பதினோரு உருப்படி, எல்லாம் சேலம் கருப்பு. புழுக்கையைக் காலால் புரட்டிப் பார்த்தே நேற்று எந்த வேலியில் வாய் வைத்தது என்று சொல்லிவிடுவாள். காது தொங்குவதில் எது காய்ச்சல், எது வெறும் சோம்பல் என்று பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் எல்லார் வீட்டிலும் ஆடு இருக்கிற ஊரில் ஆடு தெரிந்தவளுக்கு என்ன மரியாதை? நடக்கத் தெரிந்தவனுக்கு யாராவது மாலை போடுகிறார்களா?

நந்தகுமார் போர் போடுகிற ரிக் வண்டியோடு சத்தீஸ்கருக்குப் போகும்போது, ஓரம் விரிசல் விட்ட தன் பழைய போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். வீடியோவில் முகம் பார்க்கலாமே என்று. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. இளஞ்செழியன் என்று ஒருத்தன் கிடாக்குட்டி வாங்க வந்தான்.

எருமப்பட்டிக்காரன். இன்ஜினியரிங் படித்து, மெட்ராசில் நாலு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகுவலி சம்பாதித்து, அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, மரப்பலகையில் பரண் அடித்து அதன்மேல் ஆடு வளர்க்கிறவன். நல்ல பையன்தான். வந்த இடத்தில், தன் பண்ணையில் ஓர் ஆடு தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று போனில் படம் காட்டினான். பாப்பாயி படத்தைப் பார்த்தாள். "மூக்குல புழு இருக்குது சாமி. டாக்டரு மூளக்கோளாறுன்னு சொல்லீருப்பாரே?" என்றாள். டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் அந்த ஆடு தும்மிய தும்மலில் புழு வந்து விழுந்தது. இளஞ்செழியன் அன்றைக்கே அவளைத் தன் வாட்சப் குரூப்பில் சேர்த்துவிட்டான்.

'ஆட்டுப்பட்டி உறவுகள்' என்று பெயர். அறுநூறு பேருக்கு மேல். சேலம், நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் என்று எல்லாப் பக்கமும் ஆள். பாதிப்பேர் இளஞ்செழியன் மாதிரி புதிதாக ஆடு பிடித்தவர்கள். பேச்சு ஆட்டில் ஆரம்பிக்கும், அப்புறம் எங்கெங்கோ போகும். முட்டிவலிக்கு என்ன செய்வது, எந்தச் சந்தையில் கயிறு நன்றாயிருக்கிறது, பழைய சோற்றை வடகம் போடலாமா, ராசிபுரம் நெய் வாங்கினால் எந்தக் கடை, பையன் படிக்காமல் போனை நோண்டுகிறான் என்ன செய்ய. கேட்பதற்கு ஒருத்தர் என்றால் சொல்வதற்கு இருபது பேர் இருந்தார்கள்.

பாப்பாயி ஐந்தாவதுவரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், கட்டைவிரலால் எழுத வராது. அதனால் அந்த மைக் படத்தை அமுக்கிக்கொண்டு பேசுவாள். பேசி முடித்ததும், அந்தப் பக்கம் ஆள் காதில் வைத்துக் காத்திருக்கிற மாதிரி, "செரி, வெச்சர்றேன்" என்று சொல்லித்தான் விரலை எடுப்பாள். குரூப்பே அதற்குச் சொக்கிப்போனது. "வெச்சர்றேன் அக்கா" என்று செல்லப்பெயர் வைத்தார்கள். ஆடு பிழைத்தவர்கள் அதைப் படம் எடுத்துப் போட்டு, கீழே 'அக்கா சொன்னது கேட்டுச்சு' என்று எழுதினார்கள். அது அந்தக் குரூப்பின் வழக்கமாகவே ஆகிவிட்டது. காலையில் ஆட்டை அவிழ்க்குமுன் அவள் போனைத்தான் முதலில் எடுத்தாள். எங்கோ ஆத்தூரில், முகம் தெரியாத ஒருத்தன், 'பாப்பாயி அக்கா இருக்கீங்களா?' என்று கேட்டிருப்பான். ஒரு மனுஷிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஐம்பத்து மூன்று வருஷம் தான் இருப்பதை யாரும் விசாரிக்காத பொம்பளை அவள். அந்தக் கேள்விக்காகத்தான் அவள் இரண்டு வருஷம் வாழ்ந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

அப்புறம் ராசிபுரத்து முனியப்பன் கிடா வந்தது.

கலைமணி என்கிற பெண், ராசிபுரத்தில் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிறவள். தன் மகன் காதுகுத்துக்காக மூன்று வருஷத்துக்கு முன் முனியப்பனுக்கு ஒரு கிடா நேர்ந்துவிட்டிருந்தாள். சாமிக்கு விட்ட கிடா கட்டுத்தறியில் நிற்காது, தெருவில் திரியும். எந்த வாசலில் வந்து நின்றாலும் விரட்டக்கூடாது. எதையாவது போட வேண்டும். காதுகுத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் அவள் குரூப்பில் எழுதினாள்: 'எங்க சாமிக்கிடா வயிறு உப்பிக் கிடக்குதுங்க. எந்திரிக்க மாட்டேங்குது. பாப்பாயி அக்கா, என்ன பண்றது?'

பாப்பாயி அப்போது ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். மைக்கை அமுக்கினாள்.

"ஏஞ்சாமி, மொதல்ல அது என்னத்தத் தின்னுச்சுன்னு சொல்லு. சோறு கீறு தின்னுருந்தா நாஞ் சொல்றது எதையுஞ் செய்யாத. நேரா மாட்டாஸ்பத்திரிக்கு ஓடு. சோறு வேற, தழை வேற. செரி, வெச்சர்றேன்."

பதில் உடனே வந்தது. 'சோறெல்லாம் இல்லீங்கக்கா. வெறும் தழைதான்.'

"அப்படீன்னா பயமில்ல கண்ணு. நல்லெண்ணெ நூறு மில்லி ஊத்து சாமி. தலையத் தூக்கிப் புடிக்காத, எண்ணெ நெஞ்சுக்குள்ள எறங்கீரும். கடவாயில கொஞ்சங் கொஞ்சமா உடு. அரைமணி நேரத்துல கொறையிலீன்னா டாக்டரக் கூட்டியா. பொழுதோட எனக்கு ஒரு வார்த்த சொல்லு. வெச்சர்றேன்."

பொழுது சாயும்போது வந்தது ஒரு படம். கிடா வாசலில் கால் விறைத்துக் கிடந்தது, கழுத்தில் மஞ்சள் துணி. கீழே கலைமணி எழுதியிருந்தாள்: 'அக்கா சொன்னபடி ஊத்துனேன். செத்துப்போச்சு.'

குரூப் பொங்கியது. சாமிக்கிடா! சாகும் என்று யாராவது நினைப்பார்களா? காதுகுத்துக்கு நாலு நாள் முன்னால்! அந்தக் குழந்தைக்கு என்ன ஆகுமோ! எண்ணெய் ஊற்றச் சொன்னது யார்? யாரைக் கேட்டு ஊற்றச் சொன்னாள்? 'எனக்கு அன்னிக்கே சந்தேகம்' என்று ஒருத்தன். போன மாதம்தான் பாப்பாயி சொன்னதில் தன் ஆடு பிழைத்து, 'தெய்வமே' என்று கும்பிடுகிற கைப் படம் போட்டிருந்தான்.

பாப்பாயி அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் பார்த்தது கிடாவை அல்ல. கிடாவின் பின்பக்கம் தரையில் கழிந்திருந்ததை. கஞ்சி மாதிரி, வெள்ளையாக, நடுநடுவே முழுப் பருக்கை. வாசல் மூலையில் ஒரு வட்டாப் பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது, அதன் விளிம்பில் காய்ந்த சோறு. ஒரு வட்டா சோறு தின்ற ஆட்டை நூறு மில்லி எண்ணெயும் காப்பாற்றாது, முனியப்பனே இறங்கி வந்தாலும் கஷ்டம்தான்.

கலைமணியின் நம்பரை எடுத்துக் கூப்பிட்டாள். நாலாவது தடவைதான் எடுத்தாள்.

"சாமி, அது சோறு தின்னுருக்குதே?"

அந்தப் பக்கம் கலைமணி அழ ஆரம்பித்தாள். குரலைத் தணித்துப் பேசினாள்.

"தெருவே போட்டுச்சுங்கக்கா. சாமிக்குப் போற கிடா, கடைசியா நாலு வாய் ஆசையாத் திங்கட்டும்னு ஊட்டூட்டுக்குப் போட்டாங்க. எங்கூட்லயும் வந்த ஒரம்பரைச் சனத்துக்கு ஆக்குனது மிஞ்சிப்போச்சு, நாந்தான் ஒரு வட்டா வெச்சேன். முனியப்பங் கிடாவ வெரட்ட முடியுங்களா?"

"அப்பறம் ஏஞ்சாமி தழைன்னு சொன்ன?"

"மாமியா பக்கத்துல நின்னாங்கக்கா. நான் சோறு போட்டுச் சாமிக்கிடாவக் கொன்னேன்னு தெரிஞ்சுதுன்னா, என்னைய ஊட்டுல வெக்க மாட்டாங்க. எங்கூட்டுக்காரரு ஏற்கெனவே கைய நீட்டறாரு. உங்களுக்கு என்னக்கா, வாட்சப்புல நாலு பேரு பேசுவான், நாளைக்கு மறந்துருவான். எனக்கு அப்படி இல்லீங்கக்கா. சொல்லிப்போடாதீங்க."

பாப்பாயி சொல்லவில்லை. அவளுக்கும் ஒரு மாமியார் இருந்தாள், கையை நீட்டுகிற புருஷன் இப்போதும் இருக்கிறான். ஒரு பெண் வீட்டை விட்டுப் போவதைவிட, தான் நாலு பேச்சு வாங்கிக்கொள்வது பரவாயில்லை என்று நினைத்தாள். நாலு பேச்சோடு நிற்கும் என்று கலைமணியை நம்பினாள் பாருங்கள், அங்கேதான் தப்பு.

சேலத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற அன்பு என்று ஒருத்தன் அந்தக் குரூப்பில் இருந்தான். ஆடு கிடையாது. சும்மா இருந்தான். அவன் பாப்பாயியின் முகப்புப் படத்தை எடுத்தான். நந்தகுமார் எடுத்தது அது. குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவனைக் கூப்பிட வாயைத் திறக்கும்போது எடுத்த படம். பல் போன இடம் தெரியும். அதை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கி, மேலே பெரிய மஞ்சள் எழுத்தில் 'நூறு மில்லி ஊத்து சாமி' என்று போட்டான். அவள் குரலிலிருந்தும் அந்த நாலு வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் ஒரு குத்துப்பாட்டு மேளம் சேர்த்துவிட்டான். தலையைத் தூக்காதே என்றது, சோறு என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றது, எல்லாம் போயிற்று. குரூப்பில் விரலால் நாலு தள்ளு மேலே தள்ளினால் முழுப் பேச்சும் அப்படியே இருந்தது. அறுநூறு பேரில் ஒருத்தரும் தள்ளவில்லை.

அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் அந்த ஸ்டிக்கர். போனில் சார்ஜ் நிற்கவில்லை என்று ஒருத்தன் கேட்டால், நூறு மில்லி ஊத்து சாமி. மகளுக்கு வரன் அமையவில்லை என்று ஒருத்தர் வருத்தப்பட்டால், நூறு மில்லி ஊத்து சாமி. நல்ல நகைச்சுவைதான், சிரிக்கிற வாய் தன்னுடையதாக இருந்தால்.

அது குரூப்போடு நிற்கவில்லை. ஒரு வாரத்தில் கோழிப்பண்ணைக்குப் போயிற்று. அங்கமுத்து சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு, பல நாளைக்கப்புறம் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தான்.

"நான் முப்பத்தஞ்சு வருசமாச் சொன்னேன், கேக்கல. இப்ப ஊரே சொல்லுது பாரு."

மறுநாள் சத்தீஸ்கரிலிருந்து நந்தகுமார் கூப்பிட்டான். முகத்தைக் காட்டவில்லை, குரல் மட்டும்தான்.

"வண்டில இருக்கறவனுக எம் மூஞ்சியப் பாத்தாவே நூறு மில்லிங்கறானுகம்மா. உனக்கு எதுக்கு இந்த வேலை? அந்தக் குரூப்ப உட்டு வெளிய வந்து தொலை."

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலீடா."

"தப்போ ரைட்டோ. உனக்கென்னம்மா தெரியும்?"

அன்றைக்குத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மைக்கை அமுக்கினாள். கிடா சோறு தின்றுதான் செத்தது, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பருக்கை தெரியும், வட்டா தெரியும், கலைமணியையே கேளுங்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். வெச்சர்றேன் என்றுகூடச் சொல்லாமல் விரலை எடுத்தாள்.

கலைமணி எழுதினாள்: 'சாமி சத்தியமா எங்கூட்ல யாரும் சோறு போடலைங்க. கிடாவும் போச்சு, இப்ப பழியும் எம்மேலயா? இவங்களுக்கு மனசாட்சியே இல்லைங்களா?' கூடவே மூன்று அழுகிற முகம்.

அதற்கப்புறம் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. கிழவி என்றார்கள். தப்பிக்கப் பார்க்கிறது என்றார்கள். சாமிக்கிடாவைக் கொன்ற வாய் அழுகித்தான் போகும் என்று ஒரு பெண்பிள்ளையே எழுதினாள். கடைசியில் இளஞ்செழியன் நியாயம் சொல்ல வந்தான். அட்மின் அவன்தானே. நீளமாக, மரியாதையாக எழுதினான். 'பாப்பாயி அக்கா மேல் நமக்கு மரியாதை உண்டு. ஆனால் படிக்காதவர்கள் சொல்வதைக் கேட்டு யாரும் வைத்தியம் செய்ய வேண்டாம். அக்காவும் இனிமேல் யோசனை சொல்ல வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்கு என்ன தெரியும், பாவம்.' இதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க அவளுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. முடிக்கும்போது அதற்குக் கீழே அவனே ஒரு ஸ்டிக்கரும் போட்டிருந்தான், சூட்டைத் தணிக்க. எந்த ஸ்டிக்கர் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் சிரித்துச் சமாதானம் ஆனார்கள்.

அவள் வெளியே வரவில்லை. வந்திருக்கலாம், ஒரே அமுக்கில் ஆகிற வேலைதான். ஆனால் வெளியே வந்தால் எங்கே போவது? திரும்பவும் அங்கமுத்துவிடம்தான். இரண்டு வருஷம் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட இடம் அது. என்றாவது ஒரு நாள் எவனாவது மறந்துபோய், 'பாப்பாயி அக்கா இருக்கீங்களா?' என்று கேட்டுவிட மாட்டானா என்று காத்துக்கொண்டிருந்தாள். நாயாய்க் காத்துக் கிடந்தாள் என்றே சொல்லலாம். தினமும் காலையில் போனை எடுப்பாள், படிப்பாள், வைத்துவிடுவாள். குரூப்பில் விவரம் தெரிந்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள், ஆட்டோடே பிறந்து வளர்ந்தவர்கள். பாப்பாயிக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு அவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நமக்கெதற்கு வம்பு என்று. ஆடி பிறக்கும்போது 'ஆட்டுப்பட்டி உறவுகள்' குரூப்பில் ஆட்டைப் பற்றித் தெரிந்த வாய் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

அந்த வருஷம் ஆனி முழுக்கக் காய்ந்து, ஆடிக் கடைசியில் இரண்டு நல்ல மழை. அதற்கு நாலைந்து நாள் கழித்து, ஒரு மத்தியானம், இளஞ்செழியன் ஒரு வீடியோ போட்டான். பண்ணைக்குப் பின்னால் ஒரு ஏக்கர் சோளம். கதிரும் தட்டும் அறுத்துவிட்ட காடு. மழை கண்டதும், அறுத்த கட்டைகளிலிருந்து மறுதாம்பு ஒரு சாண் உயரத்துக்கு இளசாக, கரும்பச்சையாகத் தழைந்து நின்றது. அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"பாருங்க உறவுகளே, சும்மாக் கெடச்ச தீவனம். நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு நம்ம பசங்க எல்லாரையும் பரண்ல இருந்து எறக்கி, மொத மொதலா இதுல மேய உடப் போறேன். யாருக்காச்சும் ஏதாச்சும் கருத்து இருந்தாச் சொல்லுங்க."

பாப்பாயி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். வெயிலில் காய்ந்து நின்று மழைக்குத் தழைந்த இளஞ்சோளம் ஆட்டுக்கு விஷம். நாலு வாய் போதும். கல்யாணமான வருஷமே இதே மாதிரி ஒரு காட்டில் அவள் பார்த்திருக்கிறாள், கழுத்து பின்னால் வளைய, காலால் மண்ணை உதைத்துக்கொண்டு மூன்று ஆடு, ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரத்துக்குள். வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல அங்கமுத்துதான் மேயவிட்டான்.

மைக்கை அமுக்கினாள். "ஏஞ்சாமி, அதுல உட்டறாத, அது" என்று ஆரம்பித்தாள்.

கீழே படபடவென்று வந்து விழுந்துகொண்டிருந்தது. 'சூப்பர் ப்ரோ.' 'செம பச்சை.' 'கொடுத்து வெச்ச ஆடுங்க.' கட்டைவிரல் படங்கள். அப்புறம் சேலத்து அன்பு: 'நம்ம ஸ்பெஷலிஸ்ட் என்ன சொல்றாங்க?' அதன் கீழே வாய் திறந்த அவள் முகம், மஞ்சள் எழுத்து. அதற்கு இளஞ்செழியன் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டான்.

அமுக்கியிருந்த விரலை அப்படியே இடப்பக்கம் இழுத்தாள். பேசியது குப்பைத்தொட்டிக்குள் போய் மூடிக்கொண்டது.

அப்புறம் அந்த ஸ்டிக்கரைத் தொட்டாள். தொட்டால் அதைத் தானும் போடலாம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. போட்டாள். தன் முகத்தைத் தானே எடுத்து, அந்தச் சோளக்காட்டு வீடியோவுக்குக் கீழே, 'நூறு மில்லி ஊத்து சாமி'.

குரூப் குதித்தது. 'அக்கா மாஸ்!' 'அக்காவே எறங்கிட்டாங்கப்பா!' 'இதான் எங்க பழைய பாப்பாயி அக்கா!' எத்தனை மாதம் கழித்து அவள் பேரைச் சொன்னார்கள். இளஞ்செழியன் சிவப்பு இதயம் ஒன்று போட்டு, 'லவ் யூ அக்கா, மனசுல எதையும் வெச்சுக்காதீங்க' என்று எழுதினான். அவள் அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவன் நம்பர் அவளிடம் இருந்தது. சாயங்காலம் ஆட்டை அடைக்கும்போது நினைத்தாள், இன்னும் நேரம் இருக்கிறது என்று. காலையில் சாணம் அள்ளும்போதும் நினைத்தாள், ஒன்பது மணிக்குத்தானே என்று. எட்டரைக்குப் போனைக் கையில் எடுத்தாள். எடுத்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஆட்டை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். அந்தப் போன் வந்த நாளிலிருந்து அது இல்லாமல் அவள் ஆடு மேய்க்கப் போனது அன்றைக்கு ஒரு நாள்தான்.

பதினோரு மணிக்குத் திரும்பி வந்து டப்பாவை நகர்த்தினாள். நூற்றுக்கு மேல் செய்தி. மேலே ஒரு வீடியோ. தொட்டாள்.

பசேலென்ற காட்டில் கறுப்புக் கறுப்பாகக் கிடந்தன. சிலது இன்னும் உதைத்துக்கொண்டிருந்தன. ஒரு பெட்டை எழுந்து நிற்கப் பார்த்துப் பார்த்து விழுந்தது. எடுத்தவன் ஓடிக்கொண்டே எடுத்ததில் படம் ஆடியது. ஆடுகள் கத்திய கத்தல் விரிசல் போனிலிருந்து வீடு முழுக்கக் கேட்டது. வெளியே படலுக்குள் அவளுடைய பதினொன்றும் காதைத் தூக்கின. அப்புறம் ஒன்று பதில் கத்தியது. ஒவ்வொன்றாக எல்லாமே கத்தின. பாப்பாயி, போனை எப்படி நிறுத்துவது என்று மறந்துபோய், அதை முந்தானையில் சுற்றி வயிற்றோடு அமுக்கிக்கொண்டாள்.

இருபத்தேழு ஆடு. அதில் ஒன்று இவள் பட்டியில் பிறந்து அவன் வாங்கிப்போன கிடா. எந்தப் பாவமும் அறியாத வாயில்லாச் சீவன்கள். யார் மேல் இருந்த கோபத்துக்கு யார் செத்தது என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

மத்தியானம் இளஞ்செழியன் கூப்பிட்டான். குரூப்பில் அல்ல, அவளுக்கே நேராக. குரல் உடைந்து கிடந்தது.

"அக்கா... எல்லாம் போச்சுங்கக்கா. டாக்டர் வந்தாரு. சோளந்தான், மறுதாம்பு விஷமாம்."

"ம்."

"நேத்தே வீடியோ போட்டேனுங்களே. அறுநூறு பேரு பாத்தாங்க. ஒருத்தருக்குக் கூடவா தெரியாது?" மூக்கை உறிஞ்சினான். "அக்கா, உங்களுக்கு... உங்களுக்கு இது தெரியாதுங்களா?"

இதுதான் அந்தக் கேள்வி. இத்தனை மாதம் அவள் காத்துக் கிடந்தது இதற்குத்தான். தனக்குத் தெரியுமா என்று ஒருத்தன், உண்மையாக, அழுதுகொண்டு கேட்கிறான். பாப்பாயியின் தொண்டை வரைக்கும் வந்தது. நேற்று குப்பைத்தொட்டிக்குள் போனது, கல்யாணமான வருஷம், மூன்று ஆடு, எல்லாம் வந்தது. அப்புறம் அவள் வாய் சொன்னது முப்பத்தைந்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனதைத்தான்.

"எனக்கென்ன சாமி தெரியும்?"

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இல்லீங்கக்கா, உங்களுக்குத் தெரியும், பொய் சொல்லாதீங்க என்று அவன் ஒரு தடவை சொல்லியிருந்தால், ஒரே ஒரு தடவை அவளைச் சந்தேகப்பட்டிருந்தால், அவன் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள்.

"அதுஞ் செரிதாங்க்கா" என்றான் இளஞ்செழியன். "உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம். போன்ல வேற யாரோ வராங்க." கட் பண்ணிவிட்டான்.

பாப்பாயி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெளியே ஆடுகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன.

"செரி சாமி," என்றாள் அந்த ஓய்ந்த போனிடம். "வெச்சர்றேன்."